நெற்றாளும் எழுதுதாளும்

தமிழில் ‘தாள்’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. நெற்பயிரின் தண்டுக்கு அது பெயர். எழுதும் ஏட்டுக்கும் அதுவே பெயர். கதவை அடைக்கும் தாழ்ப்பாளையும் தாள் என்பர். முயற்சிக்கும் தாள் என்ற பெயர் உண்டு. விடாமுயற்சி உடையவனைத் தாளாளன் என்று முன்னோர் வழங்கியது அதனால்தான். இந்த நான்கு பொருள்களும் ஓரிடத்தில் கூடிய வரலாறு ஒன்று மட்டக்களப்பு மாவட்டத்தில் உண்டு. வாழைச்சேனைக் கடதாசி ஆலையின் வரலாறே அது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையையும், வடக்கே வாழைச்சேனை, வாகனேரிப் பகுதிகளையும் அறுவடைக் காலத்தில் கண்டவர்கள், நெல்வளத்தை மட்டுமன்றி வைக்கோற் பெருக்கத்தையும் கண்டிருப்பர். களவெட்டியில் சூடடித்து நெல்லைத் தூற்றி எடுத்த பின்னர், மலைபோலக் குவிந்து கிடப்பது வைக்கோல். மாடுகளுக்கு வேண்டியது போக, கூரை வேயவும் வேறு சிறு தேவைகளுக்கும் வேண்டியது போக, எஞ்சியது வயலிலேயே மக்கும், அன்றேல் எரியும். உழவன் விலைபேச நினையாத இப்பொருளிலிருந்து பள்ளிப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பிக்குத் தாள் செய்யலாம் என்பது, இலங்கை சுதந்திரமடைந்த காலத்துத் திட்டங்களில் ஒன்றாயிற்று.

1948ஆம் ஆண்டு முதல் 1953ஆம் ஆண்டு வரை கைத்தொழில் அமைச்சராக விளங்கியவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள். அவருடைய பெயரோடு இணைத்துப் பேசப்படும் தொழிற்சாலைகள் மூன்று: காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை. மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வடக்கே, புகையிரதப் பாதை செல்லும் ஊராகிய வாழைச்சேனையில், கடதாசி ஆலை 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கிற்று. கிழக்குக் கடதாசி ஆலைக் கூட்டுத்தாபனம் என்ற பெயரில் அரசின் உடைமையாக அது நடைபெற்றது. பின்னர் தேசிய கடதாசிக் கூட்டுத்தாபனத்தின் கீழ் வந்தது. வைக்கோலிலிருந்து தாள் செய்யும் முறையில் நாடு கொண்டிருந்த நம்பிக்கைக்குச் சான்றாக, 1970களின் பிற்பகுதியில் தெற்கே எம்பிலிப்பிட்டியிலும் ஓர் ஆலை எழுந்தது.

இடத்தைத் தேர்ந்ததில் அறிவுடைமை இருந்தது. தாள் செய்வதற்கு மூலப்பொருள் வேண்டும். அது சுற்றியுள்ள வயல்களில் கிடந்தது. நீர் ஏராளமாக வேண்டும். குளங்களும் ஆறுகளும் உள்ள நாடு அது. செய்த தாளைக் கொழும்புக்கு அனுப்பப் புகையிரதம் வேண்டும். மட்டக்களப்புப் பாதை 1928ஆம் ஆண்டிலிருந்தே இருந்தது. ஆட்கள் வேண்டும், நெல்வேலை இல்லாத மாதங்களில் தொழில் தேடும் குடும்பங்கள் அங்கே பல இருந்தன.

வைக்கோல் தாளாக மாறும் முறையைச் சற்று விளக்குவது பொருந்தும். ஆலைக்கு வந்த வைக்கோல் முதலில் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டுத் தூசி நீக்கப்படும். பின்பு பெரும் உருக்குக் கலங்களில் எரிசோடா கலந்த நீரோடு நீராவியில் வேகும். நாரையும் நாரையும் பிணைத்து நிற்கும் பசை போன்ற பொருள் கரைந்து போக, நார் மட்டும் கூழாக எஞ்சும். அக்கூழைப் பலமுறை கழுவி, குளோரீனால் வெளுப்பர். வைக்கோலின் நார் குறுகியது. அதனைக் கொண்டு மட்டும் செய்த தாள் எளிதிற் கிழியும். ஆதலால் மரத்திலிருந்து எடுத்த நீண்ட நார்க் கூழ் ஓரளவு கலக்கப்படும். அது பிறநாட்டிலிருந்து வருவது. இவ்வாறு கலந்த கூழ், நீரோடு நீராக நுண்ணிய வலைமேல் பாய்ந்து, நீர் வடிந்து, உருளைகளினிடையே அழுந்தி, நீராவியாற் சூடேறிய உருளைகளைச் சுற்றி உலர்ந்து, முடிவில் தாளாகச் சுருளும்.

இந்த வேலைக்கு வேண்டிய எரிசோடாவும் குளோரீனும் பரந்தனிலிருந்து வந்தன என்பது நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி. பரந்தன் தொழிற்சாலை அவற்றை உப்பிலிருந்து மின்சாரத்தின் உதவியாற் பிரித்தெடுத்தது. அந்த உப்பு ஆனையிறவு உப்பளத்தில் விளைந்தது. ஆக, ஆனையிறவில் வெயிலில் உப்பு வாரிய தொழிலாளி, பரந்தனில் இரசாயனம் பிரித்த தொழிலாளி, படுவான்கரையில் வைக்கோலைக் கட்டி வண்டியேற்றிய உழவன், வாழைச்சேனையில் கூழ் காய்ச்சிய தொழிலாளி ஆகிய அனைவரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒருவரையொருவர் கண்டறியாதவர்கள், ஆயினும் ஒருவரின் உழைப்பு மற்றவரின் ஊதியமாயிற்று.

நெல்லையும் மீனையும் நம்பியிருந்த நாட்டில் ஓர் ஆலை உண்டாக்கும் மாறுதல் சிறிதன்று. உழவனுக்குப் பணம் வருவது போகத்துக்கு ஒருமுறை. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. மீனவனுக்கு வருவாய் கடலின் கையில் உள்ளது. ஆலைத் தொழிலாளிக்கோ மாதந்தோறும் குறித்த நாளிற் சம்பளம், சேமலாப நிதி, முதுமைக்கு ஓர் ஆதாரம். குறித்த நாளில் வரும் பணத்தை நம்பிக் கடைக்காரர் கடன் கொடுப்பார். பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பத் தந்தைக்குத் துணிவு பிறக்கும். வீட்டுக்கு ஓடு போடத் திட்டமிடலாம். ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கக் கற்றவர் ஊரில் வேறெந்த இயந்திரத்தையும் பழுதுபார்க்க வல்லவராவார். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே முறைவேலையில் ஒன்றாக நின்று உழைத்தனர் என்பதும், பிற்காலத்து நிகழ்ச்சிகளை நோக்குமிடத்து, மதிக்கத்தக்க செய்தியாகும். இரவு வேலையில் தாள் அறுந்தால், அதை மீண்டும் உருளையிற் கோப்பதற்கு அருகில் நிற்பவனின் கைதான் வேண்டும். அவன் எந்த இனத்தவன் என்ற கேள்விக்கு அங்கே நேரமில்லை.

இத்தகைய ஆலை எவ்வாறு நின்றது? போரினால் நின்றது என்று ஒரே சொல்லில் விடை கூறுவோர் உளர். அவ்விடையில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்துக்குப் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. உலகச் சந்தையின் தாள் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிற்று. பெருங்காடுகள் உள்ள நாடுகளில், ஆண்டுக்குப் பல இலட்சம் தொன் தாள் செய்யும் ஆலைகளோடு, வைக்கோலை நம்பிய சிறிய ஆலை விலையிற் போட்டியிட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, 1978 நவம்பர் 23இல் வீசிய புயல் மட்டக்களப்பு மாவட்டம் முழுவதையும் நிலைகுலையச் செய்தது. 1980களின் நடுவில், போர் வலுத்தபோது, பரந்தன் தொழிற்சாலை நின்றது. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்ததும், பரந்தனிலிருந்து வந்த இரசாயனத்தைக் கடல்கடந்து தருவிக்க வேண்டிய நிலை உண்டாயிற்று. 1990ஆம் ஆண்டில் கிழக்கில் மீண்டும் மூண்ட போரில் கிராமங்கள் பெயர்ந்தன, வீதிகள் அடைபட்டன, புகையிரதம் நின்றது. வயலுக்குச் செல்ல அஞ்சிய உழவன் வைக்கோலை எங்ஙனம் கொணர்வான்? காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அதே 1990இல் நின்றது. ஒரே அமைச்சரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மூன்று தொழிற்சாலைகளும் இவ்வாறு போரின் நிழலில் அமிழ்ந்தன.

இவற்றோடு ஆலையின் உள்ளேயே ஒரு நோய் இருந்தது. நெற்றாளில் சிலிக்கா என்னும் மணற்சத்து மிகுதி. மரக்கூழ் ஆலைகள் கூழ் காய்ச்சிய கரிய கழிவுநீரை வற்றவைத்து எரித்து, அதிலுள்ள இரசாயனத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், எரிபொருளும் மிச்சமாகும். வைக்கோற் கழிவுநீரிலோ மணற்சத்து குழாய்களிலும் கலங்களிலும் பாறைபோலப் படியும். ஆதலால் இரசாயனத்தை மீட்பது கடினம். மீட்கப்படாத இரசாயனத்தால் செலவு ஏறும். அக்கரிய நீர் வாழைச்சேனை வாவியிற் கலந்தது. மீன்பிடித்து வாழ்ந்தோர் அதன் தீமையை அறிந்தனர். ஒரு குடும்பத்துக்குச் சோறிட்ட ஆலை மற்றொரு குடும்பத்தின் வலையைப் பதம் பார்த்தது என்பதையும் மறைத்தற்கில்லை.

போர் இல்லாத நாடுகளிலும் கடதாசி ஆலைகள் மூடப்பட்டன என்பதை அறியும்போது இவ்விடயம் மேலும் தெளிவாகும். பின்லாந்து காடுகளின் நாடு. தாள் அந்நாட்டின் தலையாய ஏற்றுமதிகளுள் ஒன்று. அங்கே காயானி என்னும் நகரின் கடதாசி ஆலை 2008ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. கைப்போலா என்னும் ஊரின் ஆலை 2020 டிசெம்பரில் மூடப்பட்டது. ஏறத்தாழ 450 பேர் வேலை இழந்தனர். நாட்டின் செய்தித்தாளுக்கான தாளைச் செய்துவந்த ஆலை அது. வீடுகளிற் சேர்ந்த பழைய தாளைத் திரட்டிப் புதுத்தாள் செய்ததும் அதுவே. மறு ஆண்டில், 2021இல், வடக்கே கெமி நகருக்கருகில் வெய்ட்சிலுவோட்டோ ஆலை நின்றபோது ஏறத்தாழ 670 பேரின் வேலை போயிற்று. மக்கள் செய்தியைத் திரையிற் படிக்கத் தொடங்கியமையும், தாளின் தேவை ஆண்டுதோறும் குறைந்தமையும், மலிவாகச் செய்யும் ஆலைகள் வேறு நாடுகளில் எழுந்தமையும் இதற்குக் காரணம். காடு இருந்தது, மின்சாரம் இருந்தது, அமைதி இருந்தது, கைதேர்ந்த தொழிலாளரும் இருந்தனர். ஆயினும் ஆலைகள் நின்றன.

ஆகவே, ஆலை மூடப்படுதல் என்பது உலகில் எங்கும் நிகழக்கூடியது. வேறுபாடு, அது எவ்வாறு மூடப்படுகிறது என்பதிலேதான் உள்ளது.

கைப்போலாவில் ஆலை மூடப்படும் செய்தி 2020 ஆகஸ்டிலேயே அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேச்சுவார்த்தை நடத்துவது அந்நாட்டுச் சட்டம் விதித்த கடமை. ஒரே நாளிற் பெரும் வேலையிழப்பு நேரும் பகுதிகளுக்கு அரசு தனி உதவி அளிக்கும் முறையும் பின்லாந்தில் 2007ஆம் ஆண்டு முதல் உண்டு. இக்கருத்து ஐரோப்பாவிற்குப் புதிதுமன்று. 1951ஆம் ஆண்டில் ஆறு நாடுகள் நிலக்கரிக்கும் உருக்குக்கும் பொதுவான சமூகம் ஒன்றை உருவாக்கிப் பாரிசில் ஒப்பந்தம் செய்தபோதே, சுரங்கமோ உலையோ மூடப்பட்டால் தொழிலாளர் வேறு தொழிலுக்குப் பழக உதவி வழங்க வழி செய்தன. உலக வாணிப மாற்றத்தால் வேலையிழந்தோர்க்கென ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் ஒரு நிதியையும் நடத்துகிறது. காயானியின் ஆலைக் கட்டடங்களிலே 2022ஆம் ஆண்டில் ஒரு மாபெரும் கணினி நிலையம் திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் ஆற்றல்மிக்க கணினிகளுள் ஒன்று அங்கே இயங்குகிறது. அதனின்று எழும் வெப்பம் நகரின் வீடுகளுக்குச் செல்கிறது. இவற்றால் எல்லாத் துயரும் தீர்ந்துவிட்டதென எண்ணலாகாது. கணினி நிலையத்துக்கு வேண்டிய ஆட்கள் மிகச் சிலர். நாற்பது ஆண்டு உருளையருகே நின்றவர் கணினி அறிஞராகிவிடவும் முடியாது. ஆயினும் அங்குள்ள தொழிலாளிக்கு ஒன்று தெரிந்திருந்தது: ஆலை எந்த நாளில் நிற்கும் என்பது.

வாழைச்சேனைத் தொழிலாளிக்கு அந்த நாள் தெரியவில்லை. அவ்வாலை ஒரே நாளில் மூடப்படவில்லை. 1990க்குப் பின்னர் அது முழு வேகத்தில் ஓடவில்லை. ஆனால், முற்றாக நின்றதென்றும் ஒருவரும் கூறவில்லை. சிலகாலம் ஓடும், சிலகாலம் நிற்கும். ஓய்வுபெற்றவரின் இடம் நிரப்பப்படாது. பழுதான இயந்திரம் பழுதாகவே கிடக்கும். மீண்டும் இயக்கப்படும் என்ற அறிவிப்பு வரும், ஊர் நிமிர்ந்து பார்க்கும், பின்பு அமைதி. பழைய தாளைத் திரட்டிச் சிறிய அளவில் உற்பத்தி செய்யும் முயற்சிகளும் இடையிடையே நடந்தன. கதவு திறந்தும் இல்லை, அடைத்தும் இல்லை என்ற இந்த நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

இலங்கையின் தொழிற்சட்டங்களுள் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் குறிப்பிடத்தக்கது. பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலாளரை உடைய தனியார் முதலாளி, தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி அவனை வேலையிலிருந்து நீக்க முடியாது என்பது அதன் சாரம். திடீர் நீக்கத்திலிருந்து தொழிலாளியைக் காக்கும் சட்டம் அது. ஆனால், மெல்ல மெல்ல உயிர்விடும் ஆலையிலிருந்து அவனைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை. நாற்பது வயதில் வேலை போயிற்றென்று அறிந்தவன் வேறு ஊர் செல்வான். வேறு தொழில் பழகுவான். வயலைக் குத்தகைக்கு எடுப்பான். அடுத்த மாதம் ஆலை ஓடும் என்று பத்தாண்டு காத்திருந்தவனோ ஐம்பது வயதில் அந்த வழிகளெல்லாம் அடைபட்டிருக்கக் காண்பான். பறிபோன வேலையைவிடக் காத்திருந்த காலமே அவனுக்குப் பெரிய இழப்பு.

காத்திருத்தல் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு ஐரோப்பாவிலேயே ஒரு பழைய சான்று உண்டு. ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவுக்கு அருகில் மரியந்தால் என்றொரு சிற்றூர். அவ்வூர் முழுவதும் ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது ஆலை மூடப்பட்டது. மாரி யகோடா, பவுல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்னும் மூவர் தம் குழுவினரோடு அவ்வூரை ஆராய்ந்து 1933ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டனர். வேலையற்றோர்க்கு நேரம் மிகுதி. ஆதலால் அவர்கள் அதிகம் படிப்பர், அதிகம் கூடிப் பேசுவர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடந்தது வேறு. ஊர் நூலகத்தில் இரவல் பெறப்பட்ட நூல்களின் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் ஆண்கள் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். பெண்களுக்கு வீட்டு வேலை ஓயவில்லை. ஆதலால் அவர்கள் விரைந்தே நடந்தனர். நேற்று என்ன செய்தீர் என்று கேட்டால், ஆண்களாற் பல மணி நேரத்துக்குக் கணக்குக் கூற இயலவில்லை. வேலை பணத்தை மட்டும் தருவதன்று. நாளுக்கு ஒரு வடிவத்தையும் அதுவே தருகிறது என்பதை அந்த ஆராய்ச்சி உலகுக்கு உணர்த்திற்று.

வாழைச்சேனைக்கும் மரியந்தாலுக்கும் இடையே பெருங்கடல்கள் உள்ளன. எனினும், ஆலை நின்ற ஊர்களின் இயல்பு ஒன்றே. முறைவேலைக்குச் செல்வோரை நம்பிய தேநீர்க்கடை, மிதிவண்டி பழுதுபார்ப்போர், வைக்கோல் ஏற்றிய வண்டிக்காரர் எனச் சம்பளப் பட்டியலிற் பெயரில்லாத பலரையும் அந்த நிற்றல் தொடுகிறது. அவர்களுக்குப் பணிக்கொடையும் இல்லை, நட்டஈடும் இல்லை. தந்தையின் கையிலிருந்த தொழில்நுட்பம் மகனுக்குச் செல்லாமல் அவரோடு ஓய்வுபெறுகிறது. பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் செல்கின்றனர்.

அந்த இழப்பு வாழைச்சேனைக்கு மட்டும் உரியதன்று என்பதை 2022ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் காட்டிற்று. அந்நியச் செலாவணி வற்றியபோது தாளும் அச்சு மையும் இறக்குமதி செய்ய வழியில்லாமற் போயிற்று. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தாளின்மையால் ஒத்திவைக்கப்பட்டன. அதே மாதத்தில் கொழும்பு நாளிதழ்கள் இரண்டு தம் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிட இயலாமல் நிறுத்தின. படித்து ஆயத்தமாகிய பிள்ளைகள் வினாத்தாள் இல்லாமையால் வீட்டில் இருந்த அந்த நாட்களில், மட்டக்களப்பு வயல்களில் பெரும்போக அறுவடையின் வைக்கோல் கிடந்தது. அதனைத் தாளாக்கும் வழியைத்தான் நாடு இழந்திருந்தது.

இவ்வாறிருக்க, ஆலையைத் திறவுங்கள் என்று கூறுவது எளிது. எதற்காக, எவ்வாறு திறப்பது என்பதற்கு விடை காண்பதே அரிது. மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே வாயிலைத் திறத்தல் அறிவுடைமையாகும்.

முதலாவது, மூலப்பொருள். முன்னாளில் நெல் களவெட்டியில் சூடடிக்கப்பட்டது. வைக்கோல் ஓரிடத்தில் குவிந்து கிடந்தது. இந்நாளில் அறுவடையையும் சூடடிப்பையும் ஒருங்கே செய்யும் பெரிய இயந்திரம் வயலில் ஓடுகிறது. அது வைக்கோலை வயலெங்கும் சிதறிச் செல்கிறது. அதைத் திரட்டிக் கட்டும் இயந்திரமும், மழைக்கு முன் சேர்த்து வைக்கும் கொட்டகையும், உழவனுக்குக் கட்டுபடியாகும் விலையும் வேண்டும். வைக்கோலை எரிக்காமல் மண்ணுக்கே உரமாக்க வேண்டுமென்று வேளாண்மை அறிஞர் கூறுவதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். வைக்கோல் கிடையாதெனில், பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் சேரும் பழைய தாளே மூலப்பொருளாகலாம். ஆனால், அதைத் திரட்டும் ஒழுங்கு நாடெங்கும் உறுதியாக அமைய வேண்டும்.

இரண்டாவது, வாவி. கரிய நீரை வாவியில் விடும் ஆலைக்கு இனி இடமில்லை. பழைய தாளைக் கரைத்துச் செய்வதில் கழிவின் கொடுமை குறைவு. வைக்கோலைக் காய்ச்சுவதாயின் கழிவுநீரைத் தூய்மைசெய்யும் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கிற் சேர்க்க வேண்டும். மீனவனின் நட்டத்தை மறைத்துக் காட்டும் இலாபம் இலாபமாகாது.

மூன்றாவது, கொள்வோர். 1980ஆம் ஆண்டு முதல் அரசே பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல்களை வழங்கிவருகிறது. நாட்டில் தாளைப் பெருமளவிற் கொள்வோருள் அரசும் ஒன்று. தான் வாங்கும் தாளில் ஒரு பங்கைக் குறித்த விலையிற் குறித்த ஆண்டுகளுக்கு இந்த ஆலையிடம் வாங்குவதாக அரசு உறுதி கூறினால், ஆலைக்கு நிலையான சந்தை உண்டாகும். அந்த உறுதி இல்லாமல், பத்திரிகையில் ஒரு படத்துக்காக இயந்திரத்தைச் சில நாள் ஓட்டுவது தொழிலாளியின் நம்பிக்கையோடு விளையாடுவதாகும்.

இம்மூன்று கேள்விகளுக்கும் ஆராய்ந்து கண்ட விடை ‘இயலாது’ என்பதாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் அதையும் வெளிப்படையாகக் கூறுதலே கடமை. நாளைக் குறித்து, உரியதை உரியவர்க்குக் கொடுத்து, நிலத்தையும் கட்டடத்தையும் அப்பகுதி இளைஞருக்குப் பயன்படும் வேறு தொழிலுக்கு ஆக்கலாம். காயானியில் செய்தது அதுவே. பயனற்ற நம்பிக்கையைக் காட்டிலும் பயனுள்ள கசப்பு மேலானது. நோயாளியிடம் உண்மையை மறைக்கும் வைத்தியனால் அவனுடைய குடும்பம் இருமுறை துன்புறும். ஒருமுறை நோயால், மற்றொரு முறை ஆயத்தமின்மையால்.

விடை எதுவாயினும், ஒரு வேலையைத் தாமதிக்கலாகாது. கூழின் பதத்தைக் கையாற் தொட்டறிந்தவர்கள், உருளையின் ஒலியைக் கேட்டே அதன் பழுதைச் சொல்ல வல்லவர்கள், அப்பகுதியில் இன்னும் சிலர் உளர். அவர்களுக்கு வயது ஏறிவிட்டது. அவர்கள் அறிந்ததைத் தொழினுட்பக் கல்லூரி மாணவர் கேட்டு எழுதிவைக்கலாம். பழுதுபார்க்கும் முறைகளை இளைஞருக்குக் கற்பிக்க அவர்களையே அழைக்கலாம். புதிய இயந்திரத்தை எந்த நாட்டிலிருந்தும் வாங்கிவிடலாம். வைக்கோலை அறிந்த கையை வாங்குவதற்குச் சந்தை எங்கும் இல்லை.

தாள் என்னும் சொல்லின் நான்கு பொருள்களுள், நெற்றாள் இன்றும் மட்டக்களப்பு வயல்களில் ஆண்டுதோறும் விளைகிறது. எழுதுதாள் கப்பலில் வருகிறது. ஆலையின் கதவுத் தாளோ நெடுங்காலம் பாதி திறந்தும் பாதி அடைத்தும் கிடந்தது. நான்காவது பொருளாகிய முயற்சி மட்டும் எவர் கைக்கும் எட்டாததன்று. அதைக் கைக்கொண்டால் மற்றைய மூன்றுக்கும் ஒரு முடிவு பிறக்கும். ஆலை ஓடும் என்றோ, ஓடாது என்றோ, வாழைச்சேனைக் குடும்பங்கள் தம் நாளைக் குறித்துக்கொள்ள முடியும்.